சல்லியன் சாப்பிட்ட விருந்து

2024 அக்டோபர் 3ஆம் தேதி இரவு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றால் தட்டு பறக்கிற சண்டை இல்லை. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் பாட்டி. அன்றைக்குத்தான் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு நீதிபதி வின்சென்ட் ஹூங் 12 மாதச் சிறைத்தண்டனை விதித்தார். அரசுத் தரப்பே கேட்டது ஆறிலிருந்து ஏழு மாதம். அவருடைய வழக்கறிஞர்கள் எட்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். இரண்டுமே போதாது என்று சொல்லி நீதிபதி ஓராண்டு கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு இது செய்தியில் வருகிற யாரோ ஒருவர் கதை இல்லை. நாங்கள் கிளமெண்டிக்காரர்கள். 1997இல், அதாவது நான் பிறப்பதற்கு முன்பே, அவர் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியின் எம்பி ஆகிவிட்டார். எனக்கு 'எம்பி' என்ற சொல்லுக்கு முகம் என்றால் அந்த முகம்தான். வர்த்தக தொழில் அமைச்சு, தகவல் தொடர்பு அமைச்சு, 2021இலிருந்து போக்குவரத்து அமைச்சு. டிவி செய்தியில் அவர் வந்தால் பாட்டி, "நம்ம பையன் பேசுறான், சத்தத்தைக் கூட்டு" என்பார். அறுபது வயதைத் தாண்டியவர் பாட்டிக்குப் பையன்!

அன்றைக்கு அப்பா சொன்னது இதுதான்: "அவரு யாருக்கும் எதுவும் செஞ்சுக் குடுத்ததா நிரூபிக்கலையே? கூட்டாளி டிக்கெட் குடுத்தான், வாங்கிக்கிட்டாரு. இதுக்கு ஜெயிலா?"

நான் சட்டென்று, "வருஷத்துக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல சம்பளம்பா. டிக்கெட் வாங்கக் காசு இல்லையா?" என்றேன். 2012 சம்பளச் சீரமைப்பின்படி புதிய அமைச்சர் ஒருவருக்கான அளவுகோல் ஆண்டுக்கு 1.1 மில்லியன் வெள்ளி. கேட்பதற்கு நல்ல பதிலாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது அப்பாவின் கேள்விக்குப் பதிலே இல்லை. காசு இருக்கிறவன் பரிசு வாங்கினால் தப்பு, இல்லாதவன் வாங்கினால் சரியா? அப்பா கேட்டது வேறு. பதிலுக்கு எதுவும் செய்யாதபோது, வெறுமனே வாங்கிக்கொள்வது எப்படிக் குற்றமாகும்? ஓராண்டாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு எனக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வழக்கு. 2023 ஜூலை 11ஆம் தேதி லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு அவரைக் கைதுசெய்தது. 2024 ஜனவரி 18இல் 27 குற்றச்சாட்டுகள், மார்ச்சில் இன்னும் 8. மொத்தம் 35, மதிப்பு சுமார் 403,000 வெள்ளி. பெரும்பகுதி, செல்வந்தர் ஓங் பெங் செங்கிடமிருந்து வந்தவை. சிங்கப்பூருக்கு எஃப்1 பந்தயத்தைக் கொண்டுவந்ததில் ஓங்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2008இல் மரினா பேயில் உலகின் முதல் எஃப்1 இரவுப் பந்தயம் நடந்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பந்தயத்துக்கான அரசாங்க வழிகாட்டுக் குழுவின் தலைவர் ஈஸ்வரன். ஒருவர் பந்தயத்தை நடத்துகிறவர், மற்றவர் அரசாங்கத்தின் சார்பில் அவரோடு பேசுகிறவர். இருவரும் நண்பர்கள். எஃப்1 டிக்கெட், லண்டன் நாடக டிக்கெட், இங்கிலாந்து கால்பந்து டிக்கெட், 2022 டிசம்பரில் ஓங்கின் தனி விமானத்தில் தோஹா பயணம், அங்கே ஓர் இரவு ஹோட்டல், திரும்பி வர பிசினஸ் கிளாஸ். இது தவிர, ஒரு கட்டுமான நிறுவனத்தின் இயக்குநரிடமிருந்து விஸ்கி, ஒயின், கோல்ஃப் மட்டைகள், ஒரு பிராம்ப்டன் சைக்கிள்.

தேக்காவில் டீ குடிக்கும்போது பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், "நம்மாளுங்கிறதாலதான் புடிச்சுட்டானுங்க" என்றார். இதை நம் இளையர்கள் சிலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1975இல் துணை அமைச்சர் வீ டூன் பூன் சிறைக்குப் போனார். அவர் வாங்கியவற்றில் ஒரு பங்களா மட்டுமல்ல, குடும்பத்தோடு இந்தோனேசியா போய்வர விமான டிக்கெட்டும் உண்டு. 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் டே சியாங் வான், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே உயிரை மாய்த்துக்கொண்டார். ஆகவே இனப் பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அப்பா சொன்னதில் பாதி உண்மை. முதலில் இரண்டு குற்றச்சாட்டுகள் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருந்தன. ஊழல் என்றால் கைமாறு வேண்டும். இதைக் கொடுத்தான், அதற்காக இதைச் செய்தான் என்று காட்டவேண்டும். 2024 செப்டம்பர் 24இல் அரசுத் தரப்பு அவற்றைத் தண்டனைச் சட்டம் 165ஆம் பிரிவுக்கு மாற்றிவிட்டது. ஈஸ்வரன் அந்தப் பிரிவில் நான்கு குற்றச்சாட்டுகளையும், நீதிக்குத் தடை ஏற்படுத்தியதாக ஒன்றையும் ஒப்புக்கொண்டார். மற்ற 30ம் தண்டனை விதிக்கும்போது கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவர் யாருக்கும் சலுகை செய்தார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. இதை நாம் நேர்மையாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்படியானால் 165 என்ன சொல்கிறது? பொது ஊழியர் ஒருவர், தன் வேலையில் தன்னோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்து, உரிய விலை கொடுக்காமல் மதிப்புள்ள பொருளை வாங்கினாலே குற்றம். பதிலுக்கு என்ன செய்தாய் என்ற கேள்வியே அங்கு இல்லை. இது நேற்று எழுதிய சட்டமும் இல்லை. 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதே எண்ணில் இருந்த பிரிவுதான் கடல் தாண்டி இங்கே வந்தது. அதில் ஓர் உதாரணம் உண்டு, படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கலெக்டர். அவர் முன்னால் ஒருவரின் நில வழக்கு இருக்கிறது. அந்த ஆளின் வீட்டில் கலெக்டர் வாடகைக்குப் போகிறார். நியாயமான வாடகை மாதம் 200 ரூபாய். பேசி முடித்தது 50. இவ்வளவுதான் கதை. வழக்கில் யார் ஜெயித்தார் என்று சட்டம் சொல்லவே இல்லை. 160 ஆண்டுக்கு முன்பே யாரோ ஒருவருக்கு இது புரிந்திருக்கிறது: தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் அந்த 150 ரூபாய் அங்கே உட்கார்ந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த இடத்தில் நம்மில் பலருக்குக் கர்ணன் ஞாபகம் வரும். செஞ்சோற்றுக் கடன் என்றால் கர்ணன், அதுதானே வழக்கம். எனக்கு என்னவோ சல்லியன் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. மாத்ரியின் அண்ணன், நகுல சகாதேவனுக்குத் தாய்மாமன், மத்ர நாட்டு அரசன். போர் வரப்போகிறது என்றதும் படையோடு பாண்டவர்களுக்குத் துணையாகக் கிளம்பினார். இதைத் தெரிந்துகொண்ட துரியோதனன் வழியெல்லாம் சாவடிகள் கட்டி, நல்ல சாப்பாடு, மாலை, மரியாதை என்று ஏற்பாடு செய்தான். தான் யாரென்று காட்டிக்கொள்ளவில்லை. சல்லியன் தருமர்தான் செய்கிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "இதை ஏற்பாடு செய்தவர்களைக் கூப்பிடுங்கள், நான் ஏதாவது கொடுக்கவேண்டும்" என்றார். மறைந்திருந்த துரியோதனன் வந்து நின்றான். மருமகன்களுக்காகக் கிளம்பிய மாமன் கௌரவர் படையில் போய்ச் சேர்ந்தார்.

சின்ன வயதில் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது துரியோதனன் எவ்வளவு தந்திரக்காரன் என்றுதான் தோன்றும். இப்போது வேறு ஒன்று உறுத்துகிறது. துரியோதனன் சாப்பாடு போடும்போது எதையும் கேட்கவில்லை. 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்டது சல்லியன்! வாங்கிக்கொண்டவரின் வாயிலிருந்துதான் அந்தக் கேள்வி தானாக வருகிறது. எந்தச் சாவடியில், எந்த வேளைச் சாப்பாட்டில் அவர் கட்சி மாறினார்? விரலை வைத்துக் காட்ட முடியாது. சல்லியனிடமே கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது. பிறகு அவர் தருமரிடம் போய் நடந்ததைச் சொல்கிறார். கர்ணனுக்குத் தேர் ஓட்டும்போது அவனை மட்டம்தட்டிப் பேசி ஊக்கத்தைக் குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். இந்தப் பக்கமும் முழுசாக இல்லை, அந்தப் பக்கமும் முழுசாக இல்லை. நல்ல மனிதர், பாவம். பதினெட்டாம் நாள் தருமர் கையாலேயே செத்தார்.

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். பொருளியல்பு வகுப்பில் 'கிரீப்' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். ஓர் உலோகக் கம்பியில் அது தாங்கக்கூடிய எடையைவிடக் குறைவான எடையைத்தான் தொங்கவிடுகிறோம். வளையக்கூடாது, கணக்குப்படி சரி. ஆனால் சூட்டில் மாதக்கணக்கில் அந்த எடை தொங்கிக்கொண்டே இருந்தால் கம்பி மெல்ல மெல்ல நீண்டுவிடும். எடையை எடுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. எந்த நாளில் நீண்டது என்று கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. விமான எஞ்சின் பிளேடுகளுக்கு இவ்வளவு விலையுயர்ந்த நிக்கல் கலவை போடுவது இதற்குப் பயந்துதான். ஒரு நண்பர் கொடுக்கும் ஒரு டிக்கெட் யாரையும் வளைக்காது என்பது நிஜம்தான்.

இப்போது என் கதை.

2023 நவம்பரில் பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள். வீட்டுக்கு அறுபது பேர் வந்தார்கள். அப்போது நான் பல்கலைக்கழக இந்தியர் சங்கத்தின் ஏற்பாட்டுச் செயலாளர். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் இரவுக்கு 350 பேருக்குச் சாப்பாடு சொல்வது என் பொறுப்பு. அதனால் சிராங்கூன் சாலை பக்கம் கேட்டரிங் செய்யும் ஓர் அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேண்டாம். பாட்டி விருந்துக்கு அவரிடமே சொன்னேன். சாப்பாடு பிரமாதம். 540 வெள்ளி பில். கொடுக்கப் போனால், "போடா தம்பி, உன் பாட்டின்னா எனக்கும் பாட்டிதான், வச்சுக்க" என்று பணத்தைத் தள்ளிவிட்டார். நான் இரண்டு தடவை நீட்டினேன். மூன்றாவது தடவை நீட்டவில்லை. அம்மா, "எவ்வளவு ஆச்சுப்பா?" என்று கேட்டபோது, "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் பொங்கலுக்கு மூன்று கடைகளிடம் விலை கேட்டோம். அண்ணனுடையது நடுவில் இருந்தது. ஆகக் குறைந்த விலையைவிட ஆளுக்கு 80 காசு கூட. 350 பேருக்கு 280 வெள்ளி. நான் அண்ணனைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், 'சென்ற ஆண்டு தரம் நன்றாக இருந்தது, நேரத்துக்கு வந்தார்கள்' என்று எழுதினேன். அது பொய் இல்லை. உண்மையிலேயே நன்றாக இருந்தது, நேரத்துக்கு வந்தார்கள்.

பொங்கல் இரவு நடந்தது 2024 ஜனவரி 20. ஈஸ்வரன் மீது குற்றம் சாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த அண்ணன் வீட்டுச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு அமைச்சர் இப்படிப் போய் வாங்கலாமா?" என்று நாங்கள் எல்லாரும் நியாயம் பேசினோம். ரொம்பச் சத்தமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை, நம்புங்கள்.

உறைத்தது 2025இல். ஈஸ்வரன் பிப்ரவரியில் வீட்டுக்காவலுக்கு மாறி, ஜூனில் தண்டனை முடித்தார். ஆகஸ்ட் 15இல் ஓங் பெங் செங்குக்கு, அவருடைய கடுமையான நோயைக் கருதி, சிறைக்குப் பதிலாக 30,000 வெள்ளி அபராதம். அதே வாரம் சங்கத்தில் புதிதாக என் பொறுப்புக்கு வந்த தங்கச்சி ஒருத்தி பழைய கோப்புகளைப் பார்த்துவிட்டு, "அண்ணா, குறைஞ்ச விலையை ஏன் எடுக்கல? அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தரம் என்று சொல்ல வாய் திறந்தேன், சொல்லவில்லை. தரம்தான் காரணமா? எனக்கே தெரியவில்லை. பாட்டி விருந்து நடந்திருக்காவிட்டாலும் அவரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேனா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூன்று தாளையும் மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த 540 வெள்ளியை வாங்காத ஒருவனாக என்னால் திரும்ப உட்கார்ந்து அந்த முடிவை எடுக்க முடியவில்லை. அப்பாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இங்கேதான் இருக்கிறது. கைமாறு செய்தேன் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. செய்யவில்லை என்று என்னாலும் நிரூபிக்க முடியாது, எனக்கு நானேகூட. என்னை நம்பி 350 பேரின் பணத்தைக் கொடுத்தவர்களுக்கு நான் தரவேண்டியிருந்தது நல்ல சாப்பாடு மட்டும் இல்லை. ஏன் இந்தக் கடை என்று கேட்டால் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு பதிலும்தான். அதை நான் நவம்பரிலேயே கொடுத்துவிட்டேன், ஒரு விருந்துக்கு. அமைச்சர் விஷயத்தில் அந்த 350 பேர் ஒரு நாடு. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லமாட்டேன், வித்தியாசம் மலையளவு. ஆனால் சரக்கு ஒன்றுதான்.

அப்படியென்றால் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். பாட்டியும் அதைத்தான் கேட்டார். "கொடுக்காம வாங்காம என்னடா உறவு?" சரிதான். நம் கல்யாணங்களில் மொய் நோட்டு இருக்கிறதே, அதை நான் முன்பெல்லாம் கேலி செய்வேன். 51 வெள்ளி வைத்தவர் பெயரை இன்னொருவர் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது பார்த்தால் நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, பரிசு என்பது கடன் என்று. தெரிந்ததால்தான் பந்தலில் எல்லார் கண்முன்னால் எழுதிவைத்தார்கள். எழுதிய கடனைத் திருப்பிக் கட்டலாம். இங்கே பொது ஊழியர்களுக்கும் ஒரு வகையில் மொய் நோட்டு உண்டு. 50 வெள்ளிக்கு மேற்பட்ட அன்பளிப்பை அறிவிக்கவேண்டும். வேண்டுமென்றால் மதிப்பைக் கட்டி வைத்துக்கொள்ளலாம். எழுதியிருந்தால் அந்த டிக்கெட்டுகள் வெறும் டிக்கெட்டுகள்.

ஈஸ்வரனும் ஒன்றுக்குப் பணம் கட்டினார், தெரியுமா? தோஹாவிலிருந்து திரும்பிய டிக்கெட்டுக்கு 5,700 வெள்ளி. ஆனால் கட்டியது 2023 மே மாதம், பயணம் முடிந்து ஐந்து மாதம் கழித்து, அந்தப் பயணத்தின் விமானப் பயணிகள் பட்டியல் புலனாய்வாளர் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகு. பில் அனுப்பச் சொல்லி, வாங்கி, கட்டினார். நீதிக்குத் தடை என்ற குற்றச்சாட்டு அதுதான். கடன் தீர்த்ததே குற்றமாகிவிட்டது. தண்டனைக்கு முன்பாக சுமார் 380,000 வெள்ளியை அவர் அரசாங்கத்திடம் கட்டியதும் உண்டு. எது மனம் மாறிக் கட்டியது, எது மாட்டிக்கொண்டு கட்டியது என்று வெளியிலிருந்து நாம் எப்படிப் பிரிப்பது? அந்த வித்தியாசம் எனக்கு முன்பு சுலபமாகத் தெரிந்தது.

ஏனென்றால் போன மாதம் நானும் கட்டப் போனேன். தங்கச்சி கேட்ட பிறகுதான் போனேன், அதற்கு முந்தின நாள் போகவில்லை. முதலில் அவளிடமும் இப்போதைய குழுவிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தர், "ஓவரா பண்ற" என்றார். பகுதிநேர வேலையில் சேர்த்த 540 வெள்ளியை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கிக் கடைக்கு நடந்தேன். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது.

"என்ன தம்பி, பாட்டிக்குச் சாப்பாடு போட்டது தப்பா? என்னை அப்படியா நெனச்ச?"

"உங்களை நெனக்கலண்ணே" என்றேன். அது மட்டும்தான் சொல்ல வந்தது.

ரொம்ப நேரம் சும்மா நின்றார். பிறகு பணத்தை எண்ணி டிராவில் போட்டுவிட்டு, ரசீது புத்தகத்தை எடுத்தார். அறுபது பேர், சைவம், 540 என்று எழுதினார். பேனா மேலே போய் நின்றது.

"தேதி என்ன போட? அன்னைக்கு உள்ளதா, இன்னைக்கு உள்ளதா?"

இன்றைக்குள்ளதைப் போடச் சொன்னேன்.